அந்த ஐந்து நிமிடங்கள்: போர் வரலாறு படிக்க விரும்புவோருக்குச் சில நூல்கள்

மிட்வே கடற்போரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக நான் ஒரே கதையைத்தான் சொல்லி வந்தேன். 1942 ஜூன் 4, காலை பத்தரை மணிக்குச் சற்று முன். பசிபிக் கடலின் நடுவே ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள். அவற்றின் மேல்தளத்தில் குண்டும் டார்பிடோவும் பூட்டிய விமானங்கள் எஞ்சின் உறும வரிசையாக நிற்கின்றன. இன்னும் ஐந்தே நிமிடங்கள் கிடைத்திருந்தால் அத்தனையும் வானேறியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாக இறங்கிவிட்டன. மூன்று கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன. பசிபிக் போரின் தலையெழுத்தே மாறிவிட்டது. சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. பேர்ல் ஹார்பர் மீது நடந்த விமானத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ ஃபுச்சிடா, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த நிலையில் மிட்வே போரன்று 'அகாகி' என்ற கப்பலில் இருந்தார். கண்ணால் கண்ட சாட்சியாக அவர் எழுதிய நூல் 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நேரில் பார்த்தவர் சொல்கிறார், அதுவும் தோற்ற தரப்பிலிருந்து சொல்கிறார் என்பதால் பின்னால் வந்த மேற்கத்திய எழுத்தாளர்கள் பலரும் அதை அப்படியே எடுத்தாண்டார்கள். அவர்களைப் படித்த என்னைப் போன்றவர்கள் அதையே ஒப்பித்தோம்.

ஜோனதன் பார்ஷல், ஆந்தனி டல்லி என்ற இருவர் சேர்ந்து எழுதி 2005இல் வெளிவந்த 'ஷாட்டர்டு ஸ்வோர்டு' என்ற நூலைப் படித்த வாரத்தில் அந்தக் கதை என் கையைவிட்டுப் போயிற்று. அவர்கள் இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். ஜப்பானியக் கடற்படையின் கப்பல்களைப் பற்றித் தாங்களாகவே பல ஆண்டுகள் தேடித் தேடிப் படித்தவர்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளிமையானது. கீழ்த்தளக் கொட்டகையில் இருக்கும் விமானத்தை லிஃப்டில் ஏற்றி, மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, இறக்கையை விரித்து, வரிசையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேற்றுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரமும் மேல்தளம் காலியாக இருக்க வேண்டும். வேறு எந்த விமானமும் இறங்கவோ ஏறவோ கூடாது. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் எந்த விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு இறங்கியது என்ற ஜப்பானியப் பதிவேடுகள் அழியாமல் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால், அன்று காலை முழுவதும் அந்தக் கப்பல்கள் காவல் பறப்புக்காகச் சண்டை விமானங்களை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருந்திருக்கின்றன. தாக்குதல் விமானங்களை மேலே கொண்டுவர இடைவெளியே கிடைக்கவில்லை. குண்டு விழுந்த நொடியில் அவை இன்னும் கீழே, மூடிய கொட்டகைக்குள், எரிபொருளும் வெடிமருந்தும் நிறைந்த நிலையில் இருந்தன. தீ அவ்வளவு கொடூரமாகப் பரவியதற்கும் அதுவே காரணம்.

இன்னொன்றும் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஃபுச்சிடாவின் கூற்று தவறு என்பது ஜப்பானில் புதிய செய்தி இல்லை. 1971இல் அங்கே வெளியான அதிகாரபூர்வப் போர் வரலாற்றுத் தொகுதியே அதற்கு மாறான சித்திரத்தைத் தந்துவிட்டது. ஜப்பானிய மொழி தெரியாத வாசக உலகம் மட்டும் மேலும் முப்பது ஆண்டுகளுக்குமேல் அந்த ஐந்து நிமிடங்களை நம்பிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு போர் வரலாற்று நூலைக் கையில் எடுத்தால், ஆசிரியர் எவ்வளவு சுவையாக எழுதியிருக்கிறார் என்பதற்கு முன்னால், இது இவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் பார்க்கிறேன். புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் என்னிடம் நூல் பெயர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு நாணயமாகப் பதில் வைத்திருப்பவை.

தொடங்குவதற்கு ஜான் கீகனின் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' நூலைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அது 1976இல் வெளிவந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு ரயில் பயணத்தைச் சொல்ல வேண்டும். நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது. புத்தகத்தை வாங்கி, நடுவில் இருந்த வண்ண வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீலத்திலும் சிவப்பிலும் தடித்த அம்புக்குறிகள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இந்த அம்புக்குறி எல்லாம் முந்தின ராத்திரி எங்க படுத்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலீங்க ஐயா, இதுல போடல" என்றேன். "சாப்பிட்டுச்சா?" என்றார். அதுவும் போடவில்லை. புத்தகத்தை மரியாதையாக மூடிக் கொடுத்துவிட்டார்.

கீகனின் நூல் அந்தப் பெரியவரின் கேள்விகளுக்கு எழுதப்பட்டது போலவே இருக்கும். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்கு வரலாறு கற்பித்தவர் கீகன். தான் ஒருபோதும் போர்க்களத்தில் இருந்ததில்லை என்ற ஒப்புதலோடுதான் அவர் நூலையே தொடங்குகிறார். 1415இல் நடந்த அஜின்கோர்ட், 1815இன் வாட்டர்லூ, முதல் உலகப்போரில் 1916இன் சோம் என மூன்று போர்களை எடுத்துக்கொள்கிறார். மூன்றும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத நிலப்பரப்பில் நடந்தவை. தளபதி என்ன நினைத்தார் என்பதை அவர் ஓரிரு பக்கங்களில் முடித்துவிடுகிறார். வில்லாளன் எதிரே குதிரை வரும்போது என்ன நடக்கும், காலாட்படை சதுரமாக நின்றால் குதிரை அதன்மேல் பாயுமா, புகை மூடிய களத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் பார்க்க முடியும், காயம்பட்டவனை யார் தூக்குவார்கள் என்பவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். அஜின்கோர்ட்டில் ஆங்கிலேயர்கள் இரண்டரை வாரங்களில் சுமார் 400 கிலோமீட்டர் நடந்து, வயிற்றுப்போக்கால் வாடி, இரவு முழுவதும் மழையில் நனைந்து, காலையில் களத்தில் வந்து நின்றவர்கள். எதிர்ப்பக்கத்தில் கவசமணிந்த பிரெஞ்சு வீரர்கள் புதிதாக உழுத சேற்று நிலத்தில், இருபுறமும் காடு நெருக்க, பின்னால் இருந்து சொந்தப் படையே தள்ள, கை தூக்கி வாள்வீசக்கூட இடமின்றி நெருக்குண்டார்கள். முன்வரிசையில் ஒருவன் விழுந்தால் அவன்மேல் அடுத்தவன் விழுவான், எழ முடியாது. இதைப் படித்த பிறகு எந்த அம்புக்குறியையும் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

சோம் பற்றிய அத்தியாயத்தை நான் ஒரே மூச்சில் படிக்க முடியாமல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படை இழந்தவர்கள், காயம்பட்டோரும் காணாமற்போனோரும் உட்பட, 57,470 பேர். அதில் இறந்தவர்கள் 19,240. ஒரு வாரம் இடைவிடாமல் பதினைந்து லட்சம் எறிகணைகளை வீசிய பிறகு, எதிரே உயிருள்ள எதுவும் மிஞ்சியிருக்காது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். எறிகணை ஒன்றின் எடையில் பெரும்பகுதி இரும்புதான், வெடிமருந்து கொஞ்சமே என்பதையும், சுமார் 9 மீட்டர் ஆழத்தில் இருந்த ஜெர்மானியப் பதுங்கறைகளுக்கு அது எட்டாது என்பதையும், முள்கம்பி வேலி பல இடங்களில் அறுபடாமலே நின்றது என்பதையும் கீகன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கோபமான சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதப்பட்ட அந்தக் கணக்குதான் என்னைப் படிக்கவிடாமல் நிறுத்தியது.

கீகனைப் படித்தவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது. அஜின்கோர்ட்டில் ஆறாயிரம் ஆங்கிலேயர் அவர்களைப்போல் நான்கைந்து மடங்கு பிரெஞ்சுக்காரரை வென்றதாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கை, ஆன் கரி என்ற வரலாற்றாசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில் கேள்விக்குள்ளாக்கினார். வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்த ஆவணங்களை ஊர் ஊராகத் தேடி, பெயர்களை எண்ணி, ஆங்கிலேயர் ஒன்பதாயிரத்தை ஒட்டியும் பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டாயிரத்தை ஒட்டியும் இருந்திருக்கலாம் என்றார். எல்லோரும் அதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலை எண்ணுகிறவருக்கும் வெற்றியைப் பாடுகிறவர் சொன்னதை எண்ணுகிறவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணர, இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி பாடுவது என்ற இலக்கணத்தை அறிந்த நமக்கு, புகழ்ப்பாட்டின் எண் வேறு, கணக்குப்பிள்ளையின் எண் வேறு என்பதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது.

தளபதிகள் எழுதிய நூல்களை நான் தொடக்கத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். தோல்விக்கு எப்போதும் வேறு யாரோ காரணம், வெற்றிக்கு எப்போதும் தானே காரணம் என்று எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகள் சிலவற்றைப் படித்து அலுத்துப்போனதுதான் காரணம். அந்த எண்ணத்தை மாற்றியவர் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம். 1942இல் ஜப்பானியரிடம் தோற்று, பர்மாவின் குறுக்கே ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கிய படையைத் தலைமையேற்று நடத்தி வந்தவர். பிறகு இந்திய வீரர்களே பெரும்பான்மையாக இருந்த பதினான்காம் ராணுவத்தை உருவாக்கி 1944இலும் 1945இலும் அதே ஜப்பானியரை அதே நிலத்தில் முறியடித்தவர். அவருடைய 'டிஃபீட் இன்டு விக்டரி' 1956இல் வெளிவந்தது. அதில் தன் பிழைகளை அவர் எழுதியிருக்கும் விதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாகா மலைகளின் வழியாக ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட் அளவுக்குமேல் அனுப்ப முடியாது என்று தான் கணித்ததையும், கோஹிமாவின் முன்னால் அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு முழு டிவிஷனே வந்து நின்றதையும், அந்தப் பிழையின் விலையைக் கொடுத்தவர்கள் அங்கிருந்த சொற்பமான வீரர்கள் என்பதையும் சாக்கு எதுவும் சொல்லாமல் எழுதுகிறார்.

அந்த நூலில் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது மலேரியாவைப் பற்றிய பக்கங்கள். 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்கிறார் ஸ்லிம். மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரையை வீரர்கள் விழுங்குகிறார்களா என்று திடீர் சோதனை நடத்தி, ஒரு பட்டாலியனில் 95 விழுக்காட்டுக்குக் குறைவானவர்களின் ரத்தத்தில் மருந்து இருந்தால் அதன் கட்டளை அதிகாரியைப் பதவி நீக்கினார். மூன்று பேரை நீக்கியதோடு மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது என்கிறார். விமானத்திலிருந்து பொருள்களை இறக்கப் பட்டு பாராசூட் போதாமல் போனபோது கல்கத்தாவின் சணல் ஆலைகளிடம் பேசி, சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தார். வழக்கமான பாராசூட்டின் விலை 20 பவுண்டுக்கு மேல். சணலால் ஆனதற்கு ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். ஒரு ராணுவம் எப்படித் தோல்வியிலிருந்து எழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இம்பாலில் நடந்த தாக்குதல்களைப் படிப்பதற்கு முன்னால் இந்த மாத்திரையையும் சணலையும் பற்றிய பக்கங்களைப் படியுங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன்.

ஸ்லிம்மோடு சேர்த்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் தளபதியாக இருந்த யுலிசிஸ் கிரான்ட்டின் நினைவுக்குறிப்புகளையும் சொல்ல வேண்டும். தொண்டைப் புற்றுநோயால் செத்துக்கொண்டே எழுதி, முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று, இறந்துபோனார். மார்க் ட்வைனின் பதிப்பகம் அதை வெளியிட்டது. கோல்டு ஹார்பரில் 1864 ஜூன் 3 அன்று தான் ஆணையிட்ட இறுதித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்துவதாக அதில் எழுதியிருக்கிறார். சாகப்போகிறவர் எழுதினார் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது. சில சக தளபதிகளிடம் அவர் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த உரைநடையின் தெளிவு வியக்கவைப்பது. அவர் களத்தில் எழுதிய ஆணைகளும் அப்படித்தான் இருந்தன.

அந்த ரயில் பெரியவரின் இரண்டாவது கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. அதற்கான நூல் மார்ட்டின் வான் கிரெவெல்டின் 'சப்ளையிங் வார்'. 1977இல் வந்தது. ராணுவ வழங்கல் என்றதும் சலிப்பான பாடம் என்று பலர் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் இருந்தேன். பழங்காலப் படை ஒன்று கடந்து செல்லும் ஊர்களில் கிடைப்பதைத் தின்றே வாழ்ந்தது; அதனால் நகர்ந்துகொண்டே இருந்தால் பிழைக்கும், ஓரிடத்தில் நின்றால் பட்டினி கிடக்கும் என்று அவர் விளக்கும்போது, ஒரு மன்னன் ஏன் குறிப்பிட்ட முற்றுகையைக் கைவிட்டான் என்ற பல புதிர்கள் தாமாக அவிழ்கின்றன. முதல் உலகப்போரில் பிரிட்டன் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பியவற்றில் குதிரைத் தீவனத்தின் எடை வெடிமருந்தின் எடையைவிட அதிகம். 1941இல் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மன் ராணுவம், டாங்கிகளின் ராணுவம் என்று நம் மனத்தில் பதிந்திருந்தாலும், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளோடுதான் போனது. அங்கே தண்டவாளங்களின் இடைவெளி 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1,435. அந்த 89 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பெயர்த்து மாற்றிப் போட வேண்டியிருந்தது. வான் கிரெவெல்டின் சில முடிவுகளை மறுத்து ஜான் லின் தொகுத்த 'ஃபீடிங் மார்ஸ்' 1993இல் வந்தது. அதையும் கையோடு படித்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில், புத்தகமே இல்லாத ஒன்றையும் பரிந்துரைக்கிறேன். பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜோசஃப் மினார் 1869இல் வரைந்த ஒற்றைத் தாள் வரைபடம் அது. 1812இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த நெப்போலியனின் படையை ஒரு பட்டையாக வரைந்தார். பத்தாயிரம் வீரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். நீமன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் 4,22,000 பேர். பட்டை 42 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. மாஸ்கோவில் 1,00,000 பேர். திரும்பி ஆற்றைக் கடக்கும்போது 10,000 பேர்; ஒரே ஒரு மில்லிமீட்டர், கறுப்புக் கோடு. ஒரு முறை நான் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, போகும் வழியில் பட்டை எங்கெங்கே மெலிகிறது என்று அளந்து பார்த்தேன். பக்கவாட்டில் பிரிந்து சென்ற படைகளைக் கழித்த பிறகும், பேரிழப்பு மாஸ்கோவைச் சேர்வதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதாவது கோடையில், வெயிலில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. ரஷ்யப் பனிதான் நெப்போலியனைக் கொன்றது என்று பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டு வந்த வாக்கியம் அந்த அளவுகோலின் முனையில் நொறுங்கியது. பசியும் நோயும் வீரர்கள் படையைவிட்டுத் தப்பியோடியதும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரைகளின் சாவும் செய்த வேலையை டொமினிக் லீவனின் 'ரஷ்யா அகெய்ன்ஸ்ட் நெப்போலியன்' (2009) விரிவாகச் சொல்கிறது. ரஷ்ய ஆவணங்களிலிருந்து எழுதப்பட்ட நூல் என்பதால், பிரெஞ்சுக்காரர்களின் நினைவுக்குறிப்புகளில் வெறும் பின்னணியாக இருந்த ரஷ்ய ராணுவம் இதில் திட்டமிட்டுப் போரிட்ட ஒரு ராணுவமாக வெளிப்படுகிறது. மிட்வேயில் ஜப்பானியப் பதிவேடு செய்ததை இங்கே ரஷ்ய ஆவணங்கள் செய்கின்றன.

சாதாரண வீரனின் குரலுக்கு நான் முதலில் கொடுப்பது யூஜீன் ஸ்லெட்ஜின் 'வித் தி ஓல்டு பிரீட்'. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரீன் படையில் பெலலியு தீவிலும் ஒகினாவாவிலும் சண்டையிட்டவர். நாட்குறிப்பு வைத்திருக்கக் கூடாது என்ற தடை இருந்ததால், சட்டைப் பையில் வைத்திருந்த சிறிய புதிய ஏற்பாட்டின் தாள்களில் குறிப்பெழுதி வைத்தார். போருக்குப் பின் உயிரியல் பேராசிரியரானார். நூல் 1981இல்தான் வந்தது. சில நாள்களில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட பெலலியு சண்டை இரண்டு மாதங்களுக்குமேல் இழுத்தது. பவழப்பாறை நிலம், குழிதோண்ட முடியாது. நாற்பத்தைந்து டிகிரி செல்சியஸைத் தொடும் வெயில். கடைசியில் குடிதண்ணீர் வந்து சேர்கிறது, சரியாகக் கழுவாத எண்ணெய் பீப்பாய்களில். துருவும் எண்ணெயும் கலந்து பழுப்பு நிறத்தில் இருந்த அந்தத் தண்ணீரைக் குடித்து வயிறு முறுக்கிக் கிடந்ததை அவர் எழுதியிருக்கும் பக்கத்துக்குப் பிறகு, ஒரு தீவு கைப்பற்றப்பட்டது என்ற ஒற்றை வரியை நான் எங்கே படித்தாலும் நின்றுவிடுகிறேன். நண்பர்கள் கண்முன்னே மாறிப்போவதையும், தானும் அந்த எல்லைக்கு அருகில் போய் நின்றதையும் அவர் மறைக்கவில்லை.

ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் 'போரின் பெண்மையற்ற முகம்' முற்றிலும் வேறு வகை. 1985இல் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ராணுவத்தில் பணியாற்றிய பெண்கள், குறிபார்த்துச் சுடுபவர்கள், மருத்துவ உதவியாளர்கள், டாங்கி ஓட்டியவர்கள், துணி துவைத்தவர்கள் எனப் பலரிடம் நேரில் கேட்டு எழுதப்பட்டது. அளவு பொருந்தாத ஆண்களின் காலணிகளையும், வெட்டியெறிந்த பின்னலையும், ஆண்களின் உள்ளாடையோடு கழிந்த ஆண்டுகளையும் அவர்கள் பதக்கங்களைவிடத் தெளிவாக நினைவில் வைத்திருக்கிறார்கள். தணிக்கையில் போன பகுதிகளைப் பின்னாளில் ஆசிரியர் திரும்பச் சேர்த்தார். வாய்மொழியைச் செதுக்கி இலக்கியமாக்கும் ஆசிரியர் அவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையோடு படித்தாலும் இது தவிர்க்கவே முடியாத நூல்.

எச்சரிக்கை என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் எழுதிய 'மென் அகெய்ன்ஸ்ட் ஃபயர்', இரண்டாம் உலகப்போரில் சண்டையில் ஈடுபட்ட அமெரிக்கக் காலாட்படையினரில் நான்கில் மூன்று பேராவது துப்பாக்கியால் சுடவே இல்லை என்றது. அந்த எண் பயிற்சி முறைகளையே பாதித்தது. இன்றும் பேச்சுகளில் வந்துகொண்டே இருக்கிறது. 1988இல் ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாசிரியர் தேடிப் பார்த்தபோது, அப்படி ஒரு கணக்கு எடுக்கப்பட்டதற்கான சான்று மார்ஷலின் குறிப்பேடுகளில் கிடைக்கவில்லை. நூலில் நுட்பமான பல கவனிப்புகள் உண்டு. அந்த எண்ணை மட்டும் யாரிடமும் எடுத்துச் சொல்லாதீர்கள்.

பிரஷ்ய ராணுவ அதிகாரியும் போர்ச் சிந்தனையாளருமான க்ளாஸ்விட்ஸின் 'போரைப் பற்றி' நூலைப் பலர் முதலிலேயே எடுத்து, முப்பதாவது பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். சில போர்களைப் பற்றியாவது நன்றாகப் படித்த பிறகு எடுக்க வேண்டிய நூல் அது. 1831இல் காலராவால் இறந்த அவர் அதை முடிக்கவில்லை. அவருடைய மனைவி மரீதான் 1832 முதல் பதிப்பித்தார். அதன் முதல் பாகத்தின் முதல் அத்தியாயம் மட்டுமே நிறைவடைந்ததாகத் தான் கருதுவதாக அவரே ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் அதே முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு கட்டம் போய்விடலாம் என்று கிளம்பும் பயணி. அடுத்த நிலையத்தில் மாற்றுக் குதிரை இல்லை. மேட்டுப் பாதை, மோசமான சாலை, இருட்டு. கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் தலைசாய்க்கக் கிடைத்ததே போதும் என்ற நிலை. போரில் எளிய காரியம்கூட ஏன் கடினமாகிறது என்பதற்கு அவர் சொல்லும் உவமை இது. பழஞ்சீனப் போர்ச் சிந்தனையாளர் சுன் சூவின் 'போர்க்கலை' நூலின் பதின்மூன்று அத்தியாயங்களை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஆனால் பழைய சீன உரையாசிரியர்களின் விளக்கங்களோடு சேர்ந்த பதிப்பாகத் தேடி எடுங்கள். உரையில்லாமல் படித்தால் வெறும் பொன்மொழிகளாகப் போய்விடும்.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூலில் உள்ள வரைபடத்தை நம்பி இருக்காமல், ஒரு வெள்ளைத் தாளில் ஆறு, பாலம், மேடு, காடு ஆகியவற்றை மட்டும் நீங்களே பென்சிலால் வரைந்துகொண்டு, படிக்கப் படிக்கப் படைகளைக் குறித்து வாருங்கள். எனக்கு ஓவியம் வராது. அது தேவையும் இல்லை. கையால் வரையும்போது, இந்தப் படை இந்தப் பாலத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்ற கேள்வி தானாக எழும். அதோடு, எந்தப் போரையும் ஒரே நூலில் முடித்துவிடாதீர்கள். குறைந்தது இரு தரப்புக்கும் ஒவ்வொன்று. அப்படிக் கிடைக்கவில்லை என்றால், எந்தத் தரப்பின் ஆவணங்கள் இன்னும் திறக்கப்படவில்லை என்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நான் ஆண்டுக்கொரு முறை திரும்பிப் போகும் நூல். கிமு 431 முதல் 404 வரை ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோப்பொனேசியப் போரைப் பற்றித் துசிடிடீஸ் எழுதியது. அவரே ஏதென்சின் தளபதியாக இருந்தவர். கிமு 424இல் ஆம்ஃபிபொலிஸ் நகரைக் காப்பாற்றக் கப்பல்களோடு விரைந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் நகரம் கைவிட்டுப் போயிருந்தது. அதற்காக இருபது ஆண்டுகள் நாடு கடத்தப்பட்டார். அந்த நிகழ்ச்சியைப் படர்க்கையில் சில வரிகளில் எழுதிவிட்டு, தனக்காக ஒரு வார்த்தைகூட வாதாடாமல் நகர்ந்துவிடுகிறார். நாடு கடத்தப்பட்டதால் இரு தரப்பினரின் காரியங்களையும் கவனிக்க முடிந்தது என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். போர் முடிவதைப் பார்த்தும், அவருடைய நூல் கிமு 411இன் நிகழ்ச்சிகளோடு பாதியில் நின்றுவிட்டது.

முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தயங்குபவர்கள், ஏதென்சின் சிசிலிப் படையெடுப்பைச் சொல்லும் ஆறாம், ஏழாம் நூல்களை முதலில் எடுங்கள். தோற்றுச் சிறைப்பட்டு சிசிலியின் சிரக்யூஸ் நகரத்துக் கல்குவாரிகளில் அடைக்கப்பட்ட ஏதென்ஸ் தரப்பினர் ஏழாயிரத்துக்குக் குறையாது என்கிறார். எட்டு மாதங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கோட்டைல் தண்ணீர், இரண்டு கோட்டைல் தானியம் என்று அளவோடு எழுதுகிறார். ஒரு கோட்டைல் என்பது கால் லிட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன்.

அதற்குச் சில பக்கங்கள் முன்னால், ஏழாம் நூலின் நடுவில், சிரக்யூஸை ஒட்டிய எபிபொலே மேட்டில் நடந்த இரவுச் சண்டை வருகிறது. அங்கே வந்ததும் துசிடிடீஸ் கதையை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்பதை இரு தரப்பிலும் விசாரித்தும் சரியாக அறிய முடியவில்லை என்று எழுதுகிறார். பகலில் நடக்கும் போரிலேயே ஒவ்வொருவனுக்கும் தன்னைச் சுற்றி நடப்பது மட்டும்தான், அதுவும் அரைகுறையாக, தெரிகிறது. இரவில் யாருக்கு எது தெளிவாகத் தெரியும் என்று கேட்கிறார். அடையாளச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திக் கேட்டதில் அது எதிரிக்கும் தெரிந்துவிட்டது. எதிரிகளைப் போலவே டோரியர் என்ற கிரேக்க இனத்தவராக இருந்து, தங்கள் பக்கம் நின்றவர்களின் போர்ப்பாட்டைக் கேட்டு ஏதென்ஸ் வீரர்கள் எதிரி என்று நடுங்கினார்கள். நிலவொளி பிரகாசமாகத்தான் இருந்தது. எதிரே ஓர் உருவம் நிற்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. அது தம்மவரா என்பதுதான் தெரியவில்லை.